முந்திரி மூட்டைக்கு பிளாக்செயின்: காடாம்புலியூரிலிருந்து புதுச்சேரி வரை தடம் பதிப்பது எப்படி

புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் ஒரு கடைக்காரர் எங்கள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பண்ருட்டிப் பருப்புன்னு போட்டிருக்கீங்க. கொட்டை பண்ருட்டியா, கப்பல்ல வந்ததா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்து ஆலைகளில் உள்ளூர்க் கொட்டையும் உடைபடுகிறது, ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியாகும் கொட்டையும் உடைபடுகிறது. பருப்பாகிவிட்டால் பெட்டியைப் பார்த்துச் சொல்வது கஷ்டம். என்னிடம் பதில் இருந்தது, காட்ட ஆதாரம் இல்லை.

நான் கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டியை அடுத்த காடாம்புலியூர்ப் பக்கம் ஒரு சிறிய உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கணக்குப் பார்ப்பவன். அந்தக் கேள்வியிலிருந்து, பாக்கெட்டில் க்யூஆர் ஒட்டிக் கடைக்காரரிடம் நீட்டியது வரை எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதில் பாதி வீண். அந்தப் பாதி உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். முந்திரியை வைத்துச் சொல்கிறேன். பலா, மணிலா (வேர்க்கடலை), நெல் என்று எதுவானாலும் வரிசை இதேதான்.

பிளாக்செயின் என்றால் என்ன என்பதற்கு இவ்வளவு தெரிந்தால் போதும்: பலரிடம் ஒரே நகலாக இருக்கும் பேரேடு, எழுதியதை யாரும் சத்தமில்லாமல் அழிக்க முடியாது. எழுதியது உண்மையா என்று அது பார்க்காது. நீங்கள் பொய் எழுதினால் அந்தப் பொய்யையும் பத்திரமாக வைத்துக்கொள்ளும். அதனால் இந்தக் கட்டுரையில் முக்கால்வாசி கம்ப்யூட்டரைப் பற்றி இருக்காது.

1. யார் கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்

உங்கள் சரக்கு முழுவதும் மூட்டையாக உள்ளூர் வியாபாரிக்குப் போகிறது என்றால் இதில் இறங்காதீர்கள். யாரும் ஸ்கேன் செய்யப் போவதில்லை. இயற்கை விளைபொருளாகச் சான்று பெற்று ஏற்றுமதி செய்கிறீர்கள் என்றால் மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபேடாவின் டிரேஸ்நெட் என்ற தடப்பதிவு ஏற்கெனவே உங்களுக்குக் கட்டாயம். அதன் மேல் இன்னொன்றைக் கட்டுவது இரட்டை வேலை.

பாக்கெட் போட்டு, பெயர் போட்டு, கொஞ்சம் கூடுதல் விலைக்கு விற்கிறவர்களுக்குத்தான் இது பயன்படும். அப்படியானால் வாங்குகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஸ்கேன் பண்ணா என்ன மூணு விஷயம் தெரியணும்?" எங்களிடம் வாங்கும் கடைகள் சொன்னவை: கொட்டை எந்த ஊர், எப்போது உடைத்தது, யார் உடைத்தது. அவ்வளவுதான். ஈரப்பதம் அளக்கும் கருவி, வெப்பநிலை சென்சார் என்று எங்களிடம் விற்க வந்தவற்றை ஒருவரும் கேட்கவில்லை.

2. ஏற்கெனவே கையில் உள்ள காகிதங்களை எடுத்து வையுங்கள்

நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்டது இது. சங்கிலிக்காக (பிளாக்செயினை இனி இப்படித்தான் சொல்வேன்) புதுப் படிவம் உருவாக்காதீர்கள். வேறு காரணத்துக்காக நீங்கள் எப்படியும் எழுதியே தீரவேண்டிய காகிதங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பதிவையும் அப்படி ஒரு காகிதத்தின் மேல் சாய்த்து வையுங்கள். வேலையும் கூடாது, பின்னாடி மாற்றவும் யாருக்கும் மனம் வராது. ஏனென்றால் மாற்றினால் வரிக் கணக்கும் சேர்ந்து இடிக்கும்.

கொள்முதலுக்கு: உடைக்காத முந்திரிக்கொட்டையை விவசாயியிடமிருந்து ஜிஎஸ்டி பதிவுள்ள நிறுவனம் வாங்கினால், வரியை வாங்குகிறவரே கட்ட வேண்டும். விவசாயி பதிவில் இல்லாதவர் என்பதால் பில்லையும் நாமே நம் பெயரில் போட வேண்டும். அந்தப் பில்லில் தேதி, பெயர், எடை, விலை எல்லாம் இருக்கிறது. அந்த எண்தான் சங்கிலியின் முதல் கண்ணி. நாங்கள் இதை விட்டுவிட்டு "கொள்முதல் சீட்டு" என்று தனியாக அச்சடித்து, மூன்று மாதம் இரண்டையும் எழுதி, இரண்டும் ஒத்துப்போகாமல் திண்டாடினோம்.

உடைப்புக்கும் பாக்கெட்டுக்கும்: உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் லேபிளில் இருக்க வேண்டும், லாட் எண்ணும், அதாவது ஒரே தொகுதிச் சரக்கைக் குறிக்கும் எண்ணும், கட்டாயம். ஆக லாட் எண் என்பது பிளாக்செயின் கேட்பது என்று நினைக்காதீர்கள், சட்டமே கேட்கிறது. நாங்கள் எடுத்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் 100 ரூபாய்ப் பதிவு போதும், அதற்கு மேல் மாநில உரிமம். வரம்பும் கட்டணமும் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் அன்று ஆணையத்தின் போஸ்காஸ் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உரிமத்துக்கு 60 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. ஆய்வு முடிந்து கைக்கு வரும்வரை லேபிள் அச்சடிக்காதீர்கள்.

பார்கோடுக்கு: ஜிஎஸ்1 இந்தியாவில் பதிந்தால் 890 என்று தொடங்கும் எண் வரிசை கிடைக்கும். இணையத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு "லைஃப்டைம் பார்கோடு" விற்கிறார்கள். அந்த எண் வேறொருவர் பெயரில் இருக்கும், பெரிய கடைகள் திருப்பி அனுப்பிவிடும்.

புவிசார் குறியீட்டுக்கு: பண்ருட்டி முந்திரிக்கும் பண்ருட்டிப் பலாப்பழத்துக்கும் 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குக் கிடைத்துவிட்டது என்பதால் நாம் லேபிளில் போட்டுக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. அங்கீகரிக்கப்பட்ட பயனராக ஜிஐ-3 படிவத்தில் தனியாகப் பதிய வேண்டும். கட்டணம் 10 ரூபாய், அலுவலகம் சென்னை கிண்டியில். குறியீட்டை வாங்கி வைத்திருக்கும் அமைப்பிடமும் பேச வேண்டியிருக்கும். அதை முதலில் செய்யுங்கள்.

எடைத் தராசுக்கு அந்த ஆண்டின் முத்திரைச் சான்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். முத்திரையில்லாத தராசில் போட்ட எடையை எந்தச் சங்கிலியில் ஏற்றி என்ன பயன்?

3. எடையும் லாட்டும்: இங்கேதான் எல்லாம் நிற்கிறது

ஒரு நாள், ஒரு கொள்முதல் மையம், ஒரு லாட். இதற்கு மேல் பெரிதாக வேண்டாம். நாங்கள் முதலில் ஒரு வாரக் கொள்முதலை ஒரே லாட்டாக வைத்தோம். 6 ஊர்க் கொட்டை ஒன்றாகக் கலந்துபோய், ஸ்கேன் செய்தால் "பண்ருட்டி வட்டாரம்" என்று மட்டும் வந்தது. அதை லேபிளிலேயே எழுதியிருக்கலாமே!

எங்கள் பக்கம் கொட்டை விலை பேசுவது 80 கிலோ மூட்டைக் கணக்கில். இந்த 80 கிலோதான் உங்கள் காவல்காரன். நல்ல கொட்டை ஒரு மூட்டையை உடைத்து, தோல் நீக்கி எடுத்தால் பருப்பு தோராயமாக 20 முதல் 23 கிலோவுக்குள் நிற்கும். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 போன்ற நல்ல ரகத்துக்கே 29 சதவீதம்தான் சொல்கிறார்கள். அப்படியிருக்க, உங்கள் பேரேட்டில் ஒரு மூட்டைக்கு 27 கிலோ பருப்பு வந்ததாக இருந்தால், யாரோ வெளிக் கொட்டையை உள்ளே விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அல்லது எடையைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள்.

எந்தப் பிளாக்செயினும் இதைத் தானாகக் கண்டுபிடிக்காது. "மூட்டைக்கு 24 கிலோவைத் தாண்டினால் பதிவை ஏற்காதே" என்று நீங்கள்தான் விதி எழுத வேண்டும். மென்பொருள்காரரிடம் முதல் நாளே கேளுங்கள்: இந்த விதியைப் போட முடியுமா? எனக்கு வந்த மூன்று பேரில் ஒருவருக்குத்தான் நான் சொல்வதே புரிந்தது. அவரிடமே கொடுத்தோம்.

இன்னொரு குழி, கொட்டையைக் காயவைப்பது. மார்ச் மாதம் புதுக் கொட்டை ஈரத்தோடு வரும். களத்தில் காயவைத்தபின் எடை இறங்கும். காய்ந்த எடையை நாங்கள் தனிப் பதிவாகப் போடவில்லை. விளைவு, வாங்கியது 1,040 கிலோ, ஆலைக்குப் போனது 960 கிலோ, நடுவில் 80 கிலோ எங்கே என்று இயக்குநர் கூட்டத்தில் என்னை நிற்கவைத்துக் கேட்டார்கள். வெயில் குடித்த தண்ணீருக்கு நான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. வாங்கிய எடை, காய்ந்த எடை, ஆலை வாசல் எடை, பருப்பு எடை, தோல் உரித்தபின் எடை. ஐந்துக்கும் ஐந்து பதிவு.

சங்கிலி அறுவது பெரும்பாலும் ஆலையில்தான். எங்களைப் போன்றவர்களுக்குச் சொந்த ஆலை கிடையாது, கூலிக்குக் கொடுத்து உடைக்கிறோம். அங்கே நம் மூட்டைக்குப் பக்கத்திலேயே அவர்களுடைய மூட்டை, இறக்குமதி மூட்டை எல்லாம் அடுக்கியிருக்கும். நாங்கள் லேபிள் ஒட்டினோம், நீராவி பட்டு உரிந்துபோனது. மார்க்கரில் எழுதினோம், சாக்கின் மேல் எண்ணெய் படிந்து அழிந்தது. கடைசியில் அங்கே வேலை பார்க்கும் ஒரு அக்காதான் சொன்னார்: "தம்பி, மூட்டை வாயை நீலக் கயித்துல தைச்சுக் குடுங்க. எழுத்தெல்லாம் எங்களுக்கு எதுக்கு?" அப்புறம் ஒரு மூட்டைகூட மாறவில்லை. ஒரு சீசனுக்கு நீல நைலான் கயிறு 340 ரூபாய்.

தோல் உரிக்க வீடுகளுக்குக் கொடுத்து வாங்குகிறீர்கள் என்றால், கொடுக்கும் எடையும் திரும்ப வரும் எடையும் ஒரு நோட்டில் இருக்கட்டும். வீட்டுக்காரர்கள் பெயரைச் சங்கிலியில் ஏற்றாதீர்கள், குழு எண் போதும்.

4. உறுப்பினர் பதிவு: ஆதாரைத் தொடாதீர்கள்

முதல் கிராமக் கூட்டத்தில் நான் ஆதார் நகல் கேட்டேன். முன்வரிசையில் இருந்த பெரியவர், "ஆதாரு எதுக்குத் தம்பி? கொட்டைக்கா, எனக்கா?" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் சொன்னதுதான் சரி. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இன்படி, ஒருவர் தன் விவரத்தை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். சங்கிலியில் ஏற்றியதை நீக்க முடியாது. இரண்டும் மோதும். அதனால் பெயர், போன் எண், ஆதார், வங்கிக் கணக்கு எதுவும் சங்கிலிக்குப் போகக்கூடாது. உங்கள் நிறுவன உறுப்பினர் எண் மட்டும் போகட்டும். அந்த எண் யாருடையது என்கிற பட்டியல் உங்கள் அலுவலகக் கணினியில், பூட்டி.

ஒப்புதல் படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், தமிழில், பெரிய எழுத்தில். எந்த விவரம் வெளியே தெரியும், எது தெரியாது என்று இரண்டு வரிசையாகப் போடுங்கள். முகம் தெரியும்படி போட்டோ போட விரும்புகிறவர்களிடம் மட்டும் தனியாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் போட்டோ உங்கள் இணையப் பக்கத்தில் இருக்கலாம், சங்கிலியில் வேண்டாம்.

நிலத்துக்குப் பட்டா, சிட்டா. தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் அரசின் இணையச் சேவைத் தளத்திலேயே எடுத்துவிடலாம். எங்கள் எல்லை விசித்திரமானது, ஒரே சாலையில் போகும்போதே கடலூர் மாவட்டமும் புதுச்சேரியும் மாறி மாறி வரும். பாகூர்ப் பக்க உறுப்பினர் இருந்தால் அவருக்குத் தமிழ்நாட்டுத் தளம் உதவாது, புதுச்சேரியின் நிலமகள் தளத்தில் பாருங்கள். பட்டா தாத்தா பெயரிலேயே கிடப்பது சகஜம். அதற்காக அவரை விலக்கவும் வேண்டாம், பட்டா இருப்பதாகப் பொய்யாகக் குறிக்கவும் வேண்டாம். "ஆவணம் நிலுவையில்" என்று ஒரு நிலை வைத்துக்கொள்ளுங்கள்.

தோப்பின் இருப்பிடத்தைப் போனில் எடுப்பீர்கள். பண்ருட்டிப் பக்கம் அட்சரேகை 11.7 போல, தீர்க்கரேகை 79.5 போல வரும். எங்கள் பையன் ஒருவன் இரண்டையும் மாற்றி உள்ளிட்டுவிட்டான். வரைபடத்தில் பார்த்தால் 14 முந்திரித் தோப்புகள் வட துருவத்துக்குப் பக்கத்தில், நார்வேயின் சுவால்பார்ட் தீவில் பனிக்கு நடுவே நிற்கின்றன. "அட்சரேகை 11க்கும் 13க்கும் நடுவில் இல்லையென்றால் ஏற்காதே" என்று ஒரு வரி விதி போதும். இதுவும் நீங்கள் கேட்டால்தான் போடுவார்கள்.

5. எந்தச் சங்கிலி?

மூன்று வழி இருக்கிறது. மலிவானதிலிருந்து சொல்கிறேன்.

காசே இல்லாத வழி, ஓபன்டைம்ஸ்டாம்ப்ஸ். அன்றைய பேரேட்டை ஒரு கோப்பாக அதன் தளத்தில் இழுத்துவிட்டால், அந்தக் கோப்பின் ஹாஷ், அதாவது விரல்ரேகை மாதிரியான ஒரு நீண்ட எண், கணக்கிடப்பட்டு பிட்காயின் சங்கிலியில் பதியும். கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. ஒரு சின்னச் சான்றுக் கோப்பு கையில் கிடைக்கும். பதிவு உறுதியாக ஒரு சில மணி நேரம் ஆகும். பின்னாளில் "இந்த நோட்டு இந்தத் தேதியில் இப்படியே இருந்தது" என்று நிரூபிக்க இது போதும். முதல் சீசன் முழுக்க இதை மட்டும் செய்யுங்கள் என்பது என் யோசனை. பழக்கம் வந்துவிடும், பணம் போகாது.

இதில் ஒரே பொறி: எக்செல் கோப்பைப் பதிந்துவிட்டு, அப்புறம் சும்மா திறந்து சேமித்தால்கூட உள்ளே நேரம் மாறி ஹாஷ் மாறிவிடும். சான்று செல்லாது. பிடிஎஃப் ஆக்கி, அதைப் பதிந்து, தொடாமல் இரண்டு இடத்தில் வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, பாலிகான் போன்ற பொதுச் சங்கிலி. சாதாரண நாளில் ஒரு பதிவுக்கு ஆகும் கட்டணம் பெரும்பாலும் ஒரு ரூபாய்க்குள்தான். யூடியூப் பார்த்து நீங்களே முயல்கிறீர்கள் என்றால் வீடியோவின் தேதியைப் பாருங்கள். மும்பை என்ற சோதனை வலையை (காசில்லாமல் ஒத்திகை பார்க்கும் சங்கிலி) வைத்துச் சொல்லித்தருபவை எல்லாம் பழையவை. அது 2024 ஏப்ரலில் மூடப்பட்டு இப்போது அமோய் இருக்கிறது. கட்டணம் கட்டும் மேட்டிக் என்ற நாணயமும் 2024 செப்டம்பரில் "போல்" (POL) என்று மாறிவிட்டது. இது தெரியாமல் நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

அந்தக் கட்டணத்தைக் கட்ட நிறுவனத்தின் பெயரில் கிரிப்டோ வாங்க நினைத்தேன். ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "முந்திரிக் கம்பெனிக்கு கிரிப்டோ எதுக்குப்பா?" என்றார். கைமாறும்போது 1 சதவீதப் பிடித்தம், லாபத்துக்கு 30 சதவீத வரி, ஆண்டுக் கணக்கில் தனிக் குறிப்பு. சில நூறு ரூபாய்க் கட்டணத்துக்காக இத்தனையா? மென்பொருள் கொடுப்பவரே கட்டணத்தைக் கட்டி, ரூபாயில் பில் போடட்டும். 18 சதவீத ஜிஎஸ்டி சேரும், பரவாயில்லை.

மூன்றாவது, தனியார் சங்கிலி. ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்று பெரும்பாலும் சொல்வார்கள். நல்ல மென்பொருள்தான். ஆனால் ஒரு கேள்வி கேளுங்கள்: "முனைகளை யார் யார் நடத்துகிறார்கள்?" முனை என்பது பேரேட்டின் ஒரு நகலை வைத்திருக்கும் கணினி. நான்கு முனைகளும் விற்பவரின் ஒரே சர்வரில் இருந்தால், அவர் நினைத்தால் மாற்றலாம். பிறகு சாதாரண டேட்டாபேஸுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? எங்களிடம் ஆறு லட்சம் கேட்ட ஒரு நிறுவனத்திடம் இதைக் கேட்டேன். "அது பேக்எண்ட் சார்" என்றார்கள். போனை வைத்துவிட்டேன். நீங்கள், ஆலை, வாங்கும் கடை, ஒரு கல்லூரி என்று நான்கு பேர் நான்கு இடத்தில் முனை வைக்க முடிந்தால் மட்டும் இதை யோசியுங்கள்.

யாரிடம் கொடுத்தாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரி கேட்டு வாங்குங்கள்: ஒப்பந்தம் முடிந்தாலோ, சேவை நின்றாலோ எங்கள் தரவு முழுவதையும் சிஎஸ்வி (எக்செல்லில் திறக்கக்கூடிய) கோப்பாகத் தர வேண்டும். மேர்ஸ்க்கும் ஐபிஎம்மும் சேர்ந்து கப்பல் சரக்குக்காக நடத்திய பிளாக்செயினான டிரேட்லென்ஸே 2023இல் மூடப்பட்டது. நம் ஊர் ஸ்டார்ட்அப் எம்மாத்திரம்?

6. தமிழில் உள்ளிடுகிறீர்களா? இதைப் படிக்காமல் போகாதீர்கள்

இதை வேறு எங்கும் நான் படித்ததில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு நாள் எங்கள் சரிபார்ப்புப் பக்கம் "பதிவு பொருந்தவில்லை" என்று சிவப்பில் காட்டியது. எடை சரி, தேதி சரி, ஊர் சரி. இரண்டு மணி நேரம் இரண்டு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். கடைசியில் சிக்கியது "முந்திரிக்கொட்டை" என்ற சொல்லில் உள்ள "கொ".

நம் கண்ணுக்கு ஒகர உயிர்மெய் ஒரே எழுத்து. யூனிகோடில் அதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு, ஹாஷும் முழுக்க வேறு. எங்கள் மையத்தில் ஒரு கைபேசி முதல் விதமாகவும், அலுவலகக் கணினியின் பழைய விசைப்பலகை மென்பொருள் இரண்டாவது விதமாகவும் எழுதியிருந்தன. "ஓ", "ஔ" வரிசைகளுக்கும் இதே கதைதான்.

தீர்வு எளிது. ஹாஷ் போடுவதற்கு முன் எல்லா எழுத்தையும் யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றச் சொல்லுங்கள் (போனில் தட்டிப் பணம் கட்டும் என்எஃப்சி வேறு). மென்பொருள்காரருக்கு அது ஒரு வரி வேலை. அதோடு சொல்லின் பின்னால் ஒட்டிக்கொள்ளும் வெற்றிடத்தையும் வெட்டச் சொல்லுங்கள். ஊர்ப் பெயர், ரகம், மையம் எல்லாவற்றையும் தட்டச்சு செய்யவிடாமல் பட்டியலிலிருந்து தேர்வு செய்யவைத்தால் பாதிப் பிரச்சினை வராமலே போய்விடும். காடாம்புலியூரை எங்கள் ஆட்கள் ஐந்து விதமாக எழுதியிருந்தார்கள்.

தேதியும் அப்படித்தான். 04/05 என்றால் ஏப்ரலா, மே மாதமா? ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் மட்டும் எழுதுங்கள்.

தப்பாக ஏறிய பதிவை என்ன செய்வது? 520க்குப் பதில் 5,200 என்று ஒரு நாள் ஏறிவிட்டது. அழிக்க முடியாது. கணக்குப் புத்தகத்தில் செய்வது போலத் திருத்தப் பதிவு ஒன்று போட வேண்டும்: எந்தப் பதிவு, என்ன தவறு, யார் திருத்தியது. ஸ்கேன் செய்கிறவருக்கும் அந்தத் திருத்தம் தெரியட்டும். எங்கள் கடைக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் "அப்ப நிஜமாத்தான் எழுதறீங்க" என்றார்.

7. க்யூஆர் ஒட்டுவது

இலவச க்யூஆர் தளங்களில் உருவாக்காதீர்கள். சில நாள் கழித்து "திட்டத்தை மேம்படுத்துங்கள்" என்று விளம்பரப் பக்கம் திறக்கும். அதற்குள் 2,000 பாக்கெட் கடையில் இருக்கும். சொந்த இணைய முகவரி வாங்கி, அதில் உங்கள் பக்கத்துக்கே நேராகப் போகும் க்யூஆர் போடுங்கள். முகவரியை ஜிஎஸ்1 முறைப்படி அமைத்தால் இன்னும் நல்லது: 01 போட்டுப் பொருளின் எண், 10 போட்டு லாட் எண். நாளைக்கு மென்பொருள்காரரை மாற்றினாலும் பாக்கெட்டில் இருக்கும் க்யூஆர் வேலை செய்யும்.

பளபளப்பான பையில் நேராக அச்சடித்தால் கடை விளக்கு பட்டு ஸ்கேன் ஆகாது. மங்கலான தாள் ஸ்டிக்கர், குறைந்தது 2 செ.மீ. அளவு. வெற்றிடப் பையில் பருப்பின் மேடு பள்ளத்தில் ஸ்டிக்கர் சுருங்கும், அதனால் மேல் மடிப்பில் ஒட்டுங்கள்.

இனி யாரும் சொல்லாத விஷயம். க்யூஆரை எவரும் நகல் எடுத்து வேறு பருப்புப் பையில் ஒட்டலாம். சங்கிலி அதைத் தடுக்காது, ஸ்கேன் செய்தால் உங்கள் தோப்பைத்தான் அழகாகக் காட்டும். முழுத் தீர்வு கிடையாது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனி வரிசை எண் கொடுத்து, ஒரே எண் பல ஊர்களில் ஸ்கேன் ஆனால் எச்சரிக்கை காட்டச் செய்யலாம். அதோடு அந்த லாட்டில் மொத்தம் எத்தனை பாக்கெட் போட்டோம் என்பதைப் பக்கத்திலேயே காட்டுங்கள். 84 பாக்கெட் போட்ட லாட்டில் 112 வெவ்வேறு எண் வந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

8. புதுச்சேரிக்கு ஏற்றும்போது

சுருக்கமாக: பண்ருட்டியிலிருந்து கடலூர் போவது போலத்தான் தூரம் தோன்றும், ஆனால் வரிக்கு அது வெளி மாநிலம். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய் வரை இ-வே பில் (சரக்கு அனுப்புவதற்கான மின்னணுச் சீட்டு) வேண்டாம் என்ற பழக்கத்தில் ஏற்றிவிடாதீர்கள். எல்லை தாண்டினால் 50,000க்கு மேல் கட்டாயம். நல்ல முழுப் பருப்பு 10 கிலோ டின் ஆறேழு வைத்தாலே அந்தத் தொகை வந்துவிடும். அந்த 12 இலக்க எண்ணையே அனுப்புகைப் பதிவில் போட்டுவிடுங்கள், தனியாக எதுவும் எழுத வேண்டாம். கடைக்காரர் சரக்கு வந்ததும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தோம். யாரும் அழுத்தவில்லை. இப்போது அவர்கள் வாட்ஸ்அப்பில் "வந்துடுச்சு" என்று போட்டால் நாங்களே பதிகிறோம். கடைக்காரர் சொன்னதன் பேரில் நாங்கள் பதிந்தது என்றே அந்தப் பதிவில் இருக்கும்.

9. காலமும் பணமும்

எங்கள் பக்கம் கொட்டை மார்ச் முதல் மே வரை விழும். அதைப் பின்னோக்கி எண்ணுங்கள். அக்டோபரில் உணவு உரிமத்துக்கும் புவிசார் பயனர் பதிவுக்கும் போட்டுவிடுங்கள். நவம்பர், டிசம்பர் மழைக்காலம், தோப்பில் வேலை குறைவு, உறுப்பினர் கூட்டம் நடத்த ஆள் கிடைப்பார்கள். ஜனவரியில் பொங்கல் முடிந்ததும் பார்கோடு, மென்பொருள் முடிவு. பிப்ரவரியில் போன வருடக் கையிருப்பை வைத்து ஒரு லாட் ஒத்திகை. மார்ச்சில் புதிதாக எதையும் தொடாதீர்கள். சீசன் நடுவில் ஆப்பை மாற்றி, எடை போடும் அண்ணனிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

பணம், எங்களுக்கு ஆனது: இணைய முகவரி ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள். ஸ்டிக்கர் அச்சடிக்கும் சின்ன இயந்திரம் 14 ஆயிரம். ஸ்டிக்கர் ஒன்றுக்கு 60 பைசா சுற்றி. மென்பொருளுக்கு வந்த விலைகள் 90 ஆயிரம், இரண்டரை லட்சம், ஆறு லட்சம். 90 ஆயிரத்துக்குக் கொடுத்தோம், ஆண்டுப் பராமரிப்பு தனி. இதில் கணக்கில் வராதது ஆள் கூலி. கொள்முதல் நாட்களில் பதிவுக்கென்றே ஒருவர் நிற்க வேண்டும். எடை போடுகிறவரே பதியவும் செய்யட்டும் என்று விட்டால், மாலையில் ஞாபகத்திலிருந்து எழுதுவார். தோப்புப் பக்கம் சிக்னல் இருக்காது என்பதால், இணையமில்லாமலும் பதிந்து பின்பு அனுப்பும் வசதி ஆப்பில் இருக்க வேண்டும். விமானப் பயன்முறையில் போட்டு அவர்கள் முன்னாலேயே சோதித்துப் பாருங்கள், பேச்சை நம்பாதீர்கள்.

விலை? க்யூஆர் ஒட்டிய பாக்கெட்டுக்குக் கிலோவுக்கு 40 ரூபாய் கூடுதலாகக் கேட்டோம். இரண்டு கடைகள் கொடுத்தன, ஒன்று கொடுக்கவில்லை. அந்த 40இல் 25ஐ உறுப்பினர்களுக்கே திருப்பிக் கொடுத்தோம். அடுத்த வருடம் காய்ந்த கொட்டையைத் தனியாக எடை போட நேரம் கொடுத்துக் காத்திருந்தார்கள்.

ஜூன் கடைசியில் மீந்துபோன ஸ்டிக்கர்களை எண்ணுங்கள். எங்களிடம் 316 மீந்தன. அலமாரியில் வைத்துவிடாதீர்கள், அது யார் கையிலாவது போய் வேறு பருப்பின் மேல் ஒட்டும். இரண்டு இயக்குநர்கள் முன்னிலையில் கிழித்துப் போட்டு, எத்தனை, எந்த எண் முதல் எந்த எண் வரை என்று அதையும் ஒரு பதிவாக ஏற்றிவிடுங்கள்.